துணைக்கு இன்னொரு கிளி: வாங்கலாமா, வேண்டாமா?

வீட்டில் ஒற்றைக் கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் இந்த யோசனை வந்தே தீரும். "பாவம், நாள் முழுக்கத் தனியா உட்கார்ந்திருக்கு. துணைக்கு இன்னொண்ணு வாங்கிவிட்டா என்ன?" யோசனை எப்போது வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வேலை மாறியிருக்கும், வீட்டில் இருக்கும் நேரம் சுருங்கியிருக்கும். கிளி கத்தத் தொடங்கியிருக்கும், இல்லையென்றால் நெஞ்சுப் பக்கம் இறகைப் பிடுங்கத் தொடங்கியிருக்கும். நமக்கு மனது உறுத்தும். அந்த உறுத்தலில் எடுக்கும் முடிவோ பல வருடங்களுக்கு நம்மைக் கட்டிப்போடும். பட்ஜி என்ற சிறு கிளி என்றால் 5 முதல் 10 வருடம், கொண்டை வைத்த காக்டெய்ல் என்றால் 15, 20 வருடம், சாம்பல் நிற ஆப்பிரிக்கன் கிரே என்றால் 40-ஐத் தாண்டிவிடும்.

என் கணக்கு இதுதான். இரண்டு கிளியும் கடைசி வரை ஒத்தே போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூண்டு, தனித்தனியாக வெளியே விடும் நேரம், தனித்தனிக் கொஞ்சல், இரண்டு மடங்கு சுத்தம் செய்யும் வேலை. அப்படியே ஆனாலும் அந்த இரண்டாவது கிளி உங்களுக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒத்துப்போனால் அது லாபம். "இல்லை, முதல் கிளிக்குத் துணை என்பதற்காக மட்டும்தான்" என்றால் நிறையவே யோசிக்க வேண்டும். துணையாக அமையுமா என்பது நம் கையில் இல்லை, அவற்றின் கையில்தான் இருக்கிறது.

துணை தேவை என்பது உண்மையா?

உண்மைதான். ஆப்பிரிக்கன் கிரே கிளிகளின் ரத்தத்தை வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர், வயதாக ஆகத் தேய்ந்துகொண்டே வரும். தனியாக வைக்கப்பட்ட கிளிகளுக்கு அது, ஜோடியாக இருந்த அதே வயதுக் கிளிகளைவிடக் குட்டையாக இருந்தது. தனிமை உடம்புக்குள் வரைக்கும் போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே, 2003-ல், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. தனியாக வைத்தவற்றில் பல, கூண்டுக்குள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்துக்கு ஆளாயின. ஜோடியாக வைத்தவற்றுக்கு அது வரவில்லை, கத்தலும் குறைவாக இருந்தது. அந்த ஜோடிகள் எல்லாமே ஒரே பாலினம் என்பதைக் கவனிக்க வேண்டும். துணை என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று இல்லை.

ஆனால் அவை இளம் கிளிகள். எட்டு வருடமாக உங்கள் தோளிலேயே வளர்ந்து, தன்னை மனிதக் கூட்டத்தில் ஒருவராக நினைத்துக்கொண்டிருக்கும் கிளிக்கு இந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. கையால் ஊட்டி வளர்த்த கிளிகளில் சில, இன்னொரு கிளியைப் பார்த்ததும் மிரண்டு உங்கள் சட்டைக்குள் புகுந்துகொள்ளும்.

ஜோடி இல்லாததால் என்ன குறை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் கிளியின் தலையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு புது இறகும் ஒரு வெள்ளை உறைக்குள் சுருண்டு, ஊசி ஊசியாக நிற்கும். உடம்பில் இருக்கும் உறைகளைக் கிளியே அலகால் கடித்து உதிர்த்துக்கொள்ளும். தலைக்கும் பின்கழுத்துக்கும் அலகு எட்டாது. காலால் சொறியும், கம்பியில் தேய்க்கும், அப்படியும் பாதி மிச்சம் நிற்கும். ஜோடி இருந்தால் மற்றது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வோர் உறையாக அலகு நுனியில் பிடித்து நெருடிப் பொடியாக்கும். இது கண்ணைப் பாதி மூடி, கழுத்தை வளைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஜோடி இல்லாத வீட்டில் அந்த வேலை நம் நகத்துக்கு வந்து சேரும். இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் இறகை அழுத்திவிட்டால் வலி பொறுக்காமல் விரலைக் கடித்துவிடும். நாம் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இந்த இடத்தில் ஒரு கிளிக்கு ஈடாக மாட்டோம்.

ஒன்றே போதும் என்றால்

வீட்டில் பெரும்பாலும் யாராவது இருக்கிறார்கள், கிளி மனிதர்களோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கத்தலோ இறகு பிடுங்கலோ இல்லை. அப்படியென்றால் எதையும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. "தனியாக இருப்பது பாவம்" என்று யாரோ சொன்னதற்காக வாங்காதீர்கள்.

பிரச்சினை இருக்கிறது என்றால், இன்னொரு கிளியைத் தேடுவதற்கு முன் செய்துபார்க்க வேண்டியவை சில உண்டு. காட்டில் கிளியின் நாளில் பெரும்பகுதி இரை தேடுவதில் போகும். கூண்டில் கிண்ணம் நிறையத் தீனி இருப்பதால் அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும், மீதி நேரம் முழுக்கச் சும்மா. தீனியைக் காகிதத்தில் சுருட்டி, அட்டைப் பெட்டிக்குள் போட்டு, கீரைக்கட்டைக் கூண்டின் உச்சியில் தொங்கவிட்டு, தேடித் தின்ன வையுங்கள். அடுத்த அறைக்குப் போனதும் கத்துகிறதா? "எங்கே இருக்கே?" என்று கேட்கிறது. காட்டிலும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது கிளிகள் இப்படித்தான் குரல் கொடுத்துக்கொள்ளும். அங்கிருந்தே ஒரு சீழ்க்கை அடித்துப் பதில் சொன்னால் பல கிளிகள் அடங்கிவிடும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுத்தாலே பாதி எரிச்சல் குறையும்.

இறகு பிடுங்குவது என்றால் முதலில் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். தோல் தொற்று, கல்லீரல் கோளாறு, ஈயம் அல்லது துத்தநாகம் உடம்பில் சேர்ந்திருப்பது என்று காரணம் பல இருக்கும். அதற்கு மருந்தாக இன்னொரு கிளியை வாங்குவது, நோயைக் கண்டுபிடிக்காமலேயே புதுப் பொறுப்பை இழுத்துப்போட்டுக்கொள்வது.

இரண்டுக்கும் நடுவில் விசித்திரமான வழி ஒன்றும் உண்டு. 2023-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 18 வளர்ப்புக் கிளிகளுக்கு வீடியோ அழைப்பு பழக்கினார்கள். மணியை அடித்தால் டேப்லெட் வரும், திரையில் இருக்கும் படங்களில் எந்தக் கிளியோடு பேச வேண்டுமோ அதை அலகால் தொட வேண்டும். அந்தப் பக்கம் ஒரு கிளி பாடியது, இந்தப் பக்கம் ஒன்று தலையாட்டியது, சில கிளிகளுக்குத் தங்களுக்கென்று பிடித்த நண்பர்களே உருவானார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், எந்நேரமும் ஆள் பக்கத்தில் இருந்துதான் நடத்தினார்கள். திரையை வைத்துவிட்டு நாம் நழுவிவிட முடியாது.

அதே இனத்தில் இன்னொன்று

இங்கே எல்லாக் கிளிக்கும் ஒரே பதில் சொன்னால் தவறாகிவிடும்.

பட்ஜி என்றால் நான் யோசிக்காமல் "வாங்குங்கள்" என்பேன். கூட்டமாகவே வாழும் சிறு பறவை, பெரும்பாலும் ஒத்துப்போகும், இடமும் அதிகம் கேட்காது. இரண்டு ஆண் என்றால் தொல்லை மிகக் குறைவு. இரண்டு பெண் என்றால் சண்டைக்கு வாய்ப்பு அதிகம். அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் மேட்டுத் தோலைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு அல்லது வெளிறிய நிறம். சில வெளிர்நிற ரகங்களுக்கு இந்த அடையாளம் பொருந்தாது, குஞ்சுகளில் நம்பவும் முடியாது.

காக்டெய்லும் சாதுவானதுதான். ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டைக் கதை தொடங்கும். துணை இல்லாமலேயே முட்டை இடும் பறவை அது. துணையும் வந்துவிட்டால் சில பெண் பறவைகள் நிறுத்தாமல் இட்டுக்கொண்டே போகும். உடம்பில் கால்சியம் வற்றும், எலும்பு பலவீனமாகும், ஒருநாள் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை. குஞ்சு வேண்டாம் என்றால் கூடு கட்டும் பெட்டியோ இருட்டு மூலையோ இருக்கவே கூடாது, வெளிச்ச நேரத்தைக் குறைக்க வேண்டும். இட்ட முட்டையை உடனே எடுத்துவிட்டால் காணாமல் போனதை ஈடுகட்ட மறுபடி இடும். அதற்குப் பதில் போலி முட்டை வைத்துவிட்டால் சில வாரம் அடைகாத்துப் பார்த்துவிட்டுத் தானே விட்டுவிடும். இதையெல்லாம் செய்ய மனமில்லை என்றால் ஆண்-பெண் ஜோடி பக்கமே போகாதீர்கள். ஆணா பெண்ணா என்று வெளியே அடையாளம் தெரியாத இனங்களுக்கு, பிடுங்கிய இறகையோ ஒரு துளி ரத்தத்தையோ அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பெரிய கிளிகளில் நான் நன்றாகவே தயங்குவேன். ஆப்பிரிக்கன் கிரே, அமேசான், காக்கட்டூ இவையெல்லாம் ஜோடியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் பறவைகள். நாம் பார்த்துக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளையைப் பிடிக்காமல் போனால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. காக்கட்டூவில் இன்னும் மோசம். வருடக்கணக்கில் சேர்ந்திருந்த ஆண், பருவகாலத்தில் தன் ஜோடியையே கடித்துக் குதறிவிடும், கொன்றுவிடுவதும் நடக்கும். குஞ்சாக இருக்கும்போது காட்டும் நட்பையும் நம்ப வேண்டாம். பருவத்துக்கு வந்ததும் குணம் மாறும். கிரே போன்றவற்றுக்கு அதற்கே 3, 4 வருடம் ஆகும்.

எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி: "என்னிடம் ஒட்டாமல் போய்விடுமா?" ஓரளவு போகும். ஆப்பிரிக்க லவ் பேர்ட் ஜோடிக்குச் சில வாரங்களில் நீங்கள் தீனி வைக்கும் ஆள் மட்டும்தான். மற்றவற்றில், ஒவ்வொன்றையும் தினமும் கொஞ்ச நேரம் தனியே வெளியே எடுத்துப் பழகினால் உறவு நிற்கும். பேச்சும் அப்படியே. மனிதக் குரலை மட்டும் கேட்டு வளரும் கிளிக்கு அதைப் பின்பற்ற அதிகக் காரணம் இருக்கிறது. ஆனால் இரண்டு கிளி இருந்தால் பேசவே பேசாது என்பதும் சரியில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த ஆப்பிரிக்கன் கிரே அலெக்ஸ், இரண்டு மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுப் பேசுவதைப் பார்த்துத்தான் சொற்களைக் கற்றது. பிறகு அதே ஆய்வகத்துக்கு கிரிஃபின் என்ற இளம் கிளி வந்தபோது, கிரிஃபினிடம் கேட்ட கேள்விக்கு நடுவில் அலெக்ஸ் குறுக்கிட்டு, சரியாகச் சொல் என்று அதட்டும். அலெக்ஸ் 2007-ல் இறக்கும் வரை இந்த அண்ணன் தோரணை குறையவில்லை. சேர்ந்து வாழ்வது ஒரு விஷயம், கொஞ்சிக் குலாவுவது வேறு விஷயம் என்பதற்கும் இந்த இரண்டும் நல்ல உதாரணம்.

வேறு இனம் என்றால்

முட்டைத் தொல்லை பொதுவாக இருக்காது, ஒவ்வொன்றும் உங்களோடு வைத்திருக்கும் உறவு அவ்வளவாகக் கெடாது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, குரல் கொடுத்துக்கொண்டு, தனித்தனிக் கூண்டில் இருக்கும். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரே கூண்டு என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

காரணம் அலகு. ஆப்பிரிக்க லவ் பேர்ட் உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் கடி பலம். பக்கத்துக் கூண்டின் கம்பியில் பட்ஜி வந்து தொற்றினால், கம்பி இடுக்கு வழியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்விரலைக் கவ்விவிடும். விரலே போய்விடும். அதனால் இரண்டு கூண்டுக்கும் நடுவே அலகு எட்டாத இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒன்று மற்றதன் கூண்டு மேல் போய் உட்காரவும் விடக் கூடாது. மக்காவ் போன்ற பெரிய கிளியோடு காக்டெய்லைச் சேர்த்து வெளியே விடுவதை நான் எந்தக் கண்காணிப்போடும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கடியில் எல்லாம் முடிந்துவிடும், நாம் எழுந்து ஓடிவருவதற்கு நேரம் இருக்காது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, இறகுத் தூள். காக்கட்டூ, காக்டெய்ல், ஆப்பிரிக்கன் கிரே மூன்றும் வெள்ளைப் பொடியை நிறைய உதிர்க்கும். கறுப்பு மேசையில் ஒருநாள் துடைக்காமல் விட்டால் விரலால் கோடு போடலாம். மக்காவுக்கு, முக்கியமாக நீல மஞ்சள் மக்காவுக்கு, இந்தத் தூள் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கி நாளடைவில் மூச்சுவிடவே சிரமப்படுத்தும். மக்காவ் இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தாலும் இதே பதில்தான்.

சத்தத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாகும். ஒன்றின் கத்தலை மற்றொன்று கற்றுக்கொள்ளும். முதலில் இருப்பது உரக்கக் கத்தும் சன் கான்யூர் என்றால் அக்கம்பக்கத்தாரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குஞ்சா, வளர்ந்த கிளியா?

குஞ்சு என்றால் எல்லோருக்கும் ஆசை, எனக்கோ வளர்ந்த கிளி மேல்தான் நம்பிக்கை. பருவம் வந்த கிளியின் குணம் கண் முன்னால் தெரியும், ஆணா பெண்ணா என்ற குழப்பமும் குறைவு. வளர்த்தவர்களால் வைத்துக்கொள்ள முடியாமல் கைமாறக் காத்திருக்கும் கிளிகள் எங்கும் உண்டு. ஏன் கொடுக்கிறார்கள், கடிக்குமா, மற்றக் கிளிகளோடு இருந்திருக்கிறதா என்று நேரில் கேட்டுவிடலாம். பெரிய கிளி உள்ள வீட்டில் குஞ்சு அடிபடும் ஆபத்தும் இருக்கிறது. எதை வாங்கினாலும் காட்டில் பிடித்ததா என்பதை விசாரியுங்கள். சில நாடுகளில் உள்ளூர்க் காட்டுக் கிளியை வீட்டில் வைப்பதே குற்றம். ஆப்பிரிக்கன் கிரேயை 2016-ல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், ஆகவே தகுந்த ஆவணம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

வாங்கிய பிறகு வரும் முதல் மாதம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். புதுக் கிளியை நேராகப் பழைய கிளி இருக்கும் அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள், கதவு மூடிய வேறு அறை. பறவை தன் நோயை வெளியே காட்டாமல் மறைக்கும், தெரிகிற நேரத்தில் நிலைமை முற்றியிருக்கும். கிளிக் காய்ச்சல் என்ற சிட்டகோசிஸ் மனிதருக்கும் தொற்றும், காய்ந்த எச்சத் தூளை மூச்சில் இழுத்தாலே போதும். அலகையும் இறகையும் சிதைக்கும் பி.பி.எஃப்.டி. வைரஸ் நீண்ட நாள் அறிகுறி இல்லாமலே இருக்கும். பல வருடம் வளர்த்த முதல் கிளியை இப்படி ஒரு நோய்க்குப் பறிகொடுத்தால், துணை தேடப்போன கதை தலைகீழாகிவிடும். இந்த இரண்டுக்கும் பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தினமும் முதலில் பழைய கிளியின் வேலையை முடியுங்கள், அப்புறம் புதியதிடம் போங்கள். கை கழுவி, சட்டை மாற்றி வெளியே வாருங்கள். கிண்ணம், துடைக்கும் துணி எதையும் கலக்க வேண்டாம். கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கி இரண்டின் எடையையும் இப்போதிருந்தே எழுதி வையுங்கள். பின்னால் ஒரே கூண்டில் இருக்கும்போது யார் சாப்பிடவில்லை, யாருடைய எச்சம் தண்ணீராகப் போகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, எடைதான் காட்டிக்கொடுக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே அறையில் இரண்டு கூண்டு, தள்ளித் தள்ளி. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இரண்டும் தீனி தின்னும் அளவுக்கு நெருங்கியதும், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு புது இடத்தில் சேர்த்து வெளியே விடலாம். முதல் கிளியின் கூண்டுக்குள் புதியதை விடுவது சண்டைக்கு அழைப்பு. கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிவது, வாலை விசிறியாக விரிப்பது, கழுத்து இறகைச் சிலிர்த்து அலகைத் திறந்து குனிவது, காக்டெய்ல் என்றால் கொண்டையைப் பின்னால் படுக்கவைத்துச் சீறுவது: அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இறகு கோதினால் நல்ல சகுனம். சில ஜோடிக்கு இரண்டு வாரம் ஆகும், சிலவற்றுக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு எப்போதுமே இல்லை. வெளியே எடுப்பது, தீனி வைப்பது, பேசுவது எல்லாவற்றிலும் பழைய கிளிக்கு முதல் மரியாதை கொடுங்கள். இல்லாவிட்டால் புதியதன் மேல் வரும் கோபத்தில் உங்கள் விரலைப் பதம் பார்க்கும்.

ஜோடி அமைந்துவிட்ட வீட்டில் இன்னொரு கேள்வி பின்னால் வரும். இரண்டும் ஒரே நாளில் போய்ச் சேரப்போவதில்லை. மனிதரோடு வளர்ந்த கிளியைவிட, ஜோடியோடு வளர்ந்து ஜோடியை இழந்த கிளிக்குத் தனிமை கடினம். தீனியைத் தொடாது, ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். உடனே மூன்றாவதை வாங்கினால் இந்தச் சங்கிலி முடியவே முடியாது. வயதான பட்ஜிக்குத் துள்ளும் குஞ்சு ஒன்று துணையாக வந்து படுத்தும் பாடும் சின்னதல்ல. அதனால் பட்ஜி வளர்ப்பவர்களில் சிலர் தொடக்கத்திலேயே நான்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று போனாலும் மீதிக்குக் கூட்டம் இருக்கிறது. பெரிய கிளி என்றால் அந்த வழி கிடையாது. ஜோடி சேர்ந்த பிறகும் உங்களோடு தினமும் பழகும் அந்தத் தனி நேரத்தை விடாமல் வைத்திருந்தால், மிஞ்சுவது எதுவானாலும் அதற்கு நீங்கள் இருப்பீர்கள். அப்படி இழப்பு வந்த முதல் வாரங்களில் தினமும் எடை பாருங்கள், கூண்டை ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். மூன்றாவது கிளியைப் பற்றிய பேச்சை அது ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு எடுக்கலாம்.